மல்டிகோர் பிராசசர்களில் நிகழ்நேரப் பணி வரிசைப்படுத்தல்

கார் மோதியதும் ஏர்பேக்கை விரிப்பதா வேண்டாமா என்ற முடிவை அதன் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி 15 முதல் 30 மில்லி விநாடிக்குள் எடுத்தாக வேண்டும். அதே முடிவு அரை விநாடி கழித்து வந்தால், எவ்வளவு சரியானதாக இருந்தாலும் அதனால் உயிர் பிழைக்காது. விடை சரியாக இருப்பதோடு கெடுவுக்குள்ளும் வந்து சேர வேண்டிய இத்தகைய கணினி அமைப்புகளே நிகழ்நேர அமைப்புகள். பல பணிகள் பிராசசருக்குக் காத்திருக்கும்போது எதை எப்போது ஓடவிடுவது என்று தீர்மானிப்பது ஷெட்யூலரின் வேலை. பிராசசருக்குள் பல கோர்கள் வந்தபின், எந்தக் கோரில் ஓடவிடுவது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. சிக்கலெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒற்றைக் கோருக்கு 1973-லேயே தெளிவான விடை கிடைத்துவிட்டது. சி. எல். லியூ, ஜேம்ஸ் லேலண்ட் இருவரும் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். குறித்த கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, அடுத்த முறை வருவதற்குள் முடிய வேண்டிய பணிகளில், கெடு மிக நெருங்கியதை முதலில் ஓட்டினால், மொத்தச் சுமை 100 சதவீதத்தைத் தாண்டாதவரை ஒரு கெடுவும் தவறாது என்று அவர்கள் நிறுவினார்கள். அடிக்கடி வரும் பணிக்கு நிலையான முன்னுரிமை தரும் முறையில், எத்தனை பணிகள் இருந்தாலும் ஏறக்குறைய 69 சதவீதச் சுமை வரை உறுதி உண்டு.

கெடு நெருங்கியதை முதலில் ஓட்டும் நல்ல விதி இரண்டாவது கோர் வந்ததுமே ஆட்டம் காண்கிறது. இரண்டு சின்னப் பணிகள். ஒவ்வொன்றும் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்து 2 மில்லி விநாடி ஓடும். ஒரு பெரிய பணி. 101 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்து 100 மில்லி விநாடி ஓடும். மூன்றும் ஒரே கணத்தில் வந்து நிற்கின்றன. சின்னவற்றின் கெடு ஒரு மில்லி விநாடி முந்தியது. அதனால் அவை ஆளுக்கொரு கோரைப் பிடித்துக்கொள்கின்றன. பெரியது இரண்டு மில்லி விநாடி காத்திருந்து தொடங்கி, 102-ஆவது மில்லி விநாடியில் முடிகிறது. கெடு 101. தவறிவிட்டது! இத்தனைக்கும் இரு கோர்களும் சேர்ந்து சுமந்தது தம் திறனில் ஏறக்குறைய பாதிதான். அதே பெரிய பணியோடு 64 கோர்களையும் 64 சின்னப் பணிகளையும் வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: மொத்தச் சுமை 4 சதவீதத்தைக்கூட எட்டாது, கெடு அப்போதும் தவறும். சுதர்சன் தால், லியூவுடன் சேர்ந்து 1978-இல் சுட்டிக்காட்டிய இது ‘தால் விளைவு’ என்றே பெயர் பெற்றது. கோர்களைக் கூட்டிக்கொண்டே போனால் நேரப் பிரச்சினை தானாகத் தீரும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பெரிய பணிக்கு ஒரு கோரைத் தனியாக ஒதுக்கி, சின்னவை இரண்டையும் மற்றதில் விட்டால் எல்லாம் ஒழுங்காக முடியும். பணிகளை முன்கூட்டியே கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை வந்து 6 மில்லி விநாடி ஓடும் பணிகள் மூன்று இருந்தால், எந்தக் கோரிலும் இரண்டைச் சேர்த்து வைக்க முடியாது. ஆனால் இரு கோர்களின் திறனில் 90 சதவீதம்தான் தேவை. இங்கே மூன்றில் ஒரு பணியை இரண்டாக வெட்டலாம்: முதல் 2 மில்லி விநாடி ஒரு கோரில், ஆறாவது மில்லி விநாடியிலிருந்து மீதி நான்கும் மற்றக் கோரில். மூன்றுமே கெடுவுக்குள் முடிந்துவிடும். இப்படி வெட்டிச் சுற்றும் உத்தியை ராபர்ட் மெக்நாட்டன் 1959-இலேயே தந்திருந்தார். சஞ்சய் பருவா உள்ளிட்ட நால்வர் 1996-இல் வெளியிட்ட ‘பிஃபேர்’ முறை, பணிகளைச் சிறுசிறு துண்டுகளாக்கி எல்லாக் கோர்களின் முழுத் திறனையும் பயன்படுத்த வழி காட்டியது. கணக்கு அழகானதுதான், ஆனால் பணி கோர் மாறும்போதெல்லாம் புதிய கோரின் கேஷ் நினைவகத்தில் அதன் தரவு இருக்காது. அந்தத் தாமதத்தை யாராவது சுமந்தாக வேண்டும்.

கோர்கள் ஒன்றையொன்று தொடாமலேயே இடைஞ்சல் செய்துகொள்வதும் உண்டு. பொதுவான கேஷையும் நினைவகப் பாதையையும் பக்கத்துக் கோர் ஆக்கிரமித்தால், இந்தக் கோரில் ஓடும் பணியின் நேரம் நீளும். அதனால் ஒரு பணிக்கு அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும் என்று அதை மட்டும் தனியே ஓட்டி அளந்து சொல்வது போதாது. விமானத் துறை இதை மிகுந்த கவனத்தோடு பார்க்கிறது: 2016-இல் ‘காஸ்ட்-32ஏ’ என்ற ஆவணம் வந்தது, அதன் வழியில் 2022-இல் ஐரோப்பாவும் 2024-இல் அமெரிக்காவும் மல்டிகோருக்கான முறையான வழிகாட்டுதல்களை வெளியிட்டன.

நடைமுறையில் எது நிலைத்திருக்கிறது? கார்களுக்கான ‘ஆட்டோசார்’ தரத்தில் ஒவ்வொரு பணியும் வடிவமைப்பின்போதே ஒரு கோரில் கட்டப்படுகிறது; ஓடும்போது இடம் மாறாது. லினக்ஸ் வேறு வழியில் போனது. 2014 மார்ச்சில் வந்த 3.14 பதிப்பில், கெடு நெருங்கியதை முதலில் ஓட்டும் ‘ஷெட்-டெட்லைன்’ சேர்ந்தது. பணி தனக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு இடைவெளியில் வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். இயல்பான அமைப்பில் கோர்களின் திறனில் 95 சதவீதம் வரைதான் ஒதுக்கீடு, அதற்கு மேல் கேட்டால் அனுமதி மறுக்கப்படும். பல கோர்களில் பணிகள் தாராளமாக மாறி ஓடும்போது இந்தச் சோதனை கெடு தவறாது என்று உறுதி தருவதில்லை. தவறினாலும் தாமதம் ஓர் எல்லைக்குள் நிற்கும் என்பதே உறுதி. அப்படியோர் எல்லை உண்டென்று உமாமகேஸ்வரி தேவி, ஜேம்ஸ் ஆண்டர்சன் இருவரும் 2005-இல் நிறுவியிருந்தார்கள். வீடியோ ஓட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். ஒரு கெடுவும் தவறக்கூடாத இடங்களில், லினக்ஸின் ‘சிபியுசெட்’ வசதியால் கோர்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1973-இன் ஒற்றைக் கோர் கணக்கையே போடுகிறார்கள்.