அப்துல் ரகீம் முதல் அப்துல் காலிக் வரை

தமிழ்த் திரையில் முஸ்லிம்கள் எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர் என்ற வரலாற்றை நம் கோவையிலிருந்தே தொடங்கலாம். 1954இல் இங்கிருந்த பட்சிராஜா ஸ்டூடியோ, ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்தில் 'மலைக்கள்ளன்' படத்தைத் தந்தது. மூலக்கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் மு. கருணாநிதி. அதில் எம்.ஜி.ஆர். ஏற்ற கள்ளன், செல்வந்த வணிகர் அப்துல் ரகீமாகவும் நடமாடுவான். மாறுவேடம் எடுபட வேண்டுமெனில், அது காண்போருக்குப் பழகியதாகவும் எளிதில் ஐயம் எழுப்பாததாகவும் இருத்தல் வேண்டும். தோல் மண்டியிலும் சந்தையிலும் முஸ்லிம் வணிகரை அன்றாடம் கண்டிருந்த கொங்கு மக்களுக்கு அவ்வுருவம் அந்நியமாகத் தோன்றியிராது.

'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் சிவாஜி ஏற்ற ரஹீம், தியாகமே உருவானவர். அதுவும் ஒரு வார்ப்புதான். ஆயினும் அண்டை வீட்டாரை அஞ்சவைத்த வார்ப்பன்று.

பாபரி மஸ்ஜித் இடிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர் வெளிவந்த 'ரோஜா'வில் (1992) நிலைமை மாறியது. எரியும் தேசியக் கொடியும் தொழுகையும் அடுத்தடுத்த காட்சிகளாக இணைக்கப்பட்டன. ஸஜ்தாவைப் பள்ளிவாசலில் கண்டிராத பலருக்கு அதன் அறிமுகம் அப்படித்தான் அமைந்தது.

1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கோவையில் மூண்ட வன்முறையில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைப் பறித்தன. அது கொடுங்குற்றம், மார்க்கத்தில் அதற்கு இடமே இல்லை. திரைப்படமே இவற்றை விளைவித்தது என்றும் நாம் கூறவில்லை. ஆனால் கோட்டைமேட்டில் கால் வைத்தே இராதவர், அங்கு வாழ்வோரைப் பற்றிய எண்ணத்தை எங்கிருந்து பெறுவார்? வாடகைக்கு வீடு கேட்டுச் செல்பவர் வாய் திறக்கும் முன்பே அவருடைய தாடியும் தொப்பியும் பேசிவிடுகின்றன.

'துப்பாக்கி' (2012) 'ஸ்லீப்பர் செல்' என்ற சொல்லை வீடுதோறும் சேர்த்தது. மலைக்கள்ளனுக்கு முஸ்லிம் தோற்றம் ஒரு வேடம். இங்கோ முஸ்லிமின் இயல்பு வாழ்க்கையே வேடமென ஐயுறப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது நியாயமே. எனினும் அடுத்த ஆண்டு 'விஸ்வரூபம்' படத்துக்குத் தடை கோரியதால் சமுதாயம் அடைந்த பயன் சொற்பம் என்பதே நம் கருத்து. சில வசனங்கள் ஒலியிழந்தன. சகிப்பற்றோர் என்ற இன்னொரு பிம்பம் மிஞ்சியது.

2021இல் வந்த 'மாநாடு' படத்தில் துபாயிலிருந்து கோவைக்கு விமானத்தில் வருகிறான் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் மீது சுமத்தும் சதியை முறியடிக்கும் நாயகன் அவனே. அவனுக்கு அப்பெயர் வேடமன்று.