கொரலேன்கோ: பதில் வராத ஆறு கடிதங்கள்

மாஸ்கோ பதிப்பகங்கள் மலிவு விலையில் தமிழுக்குக் கொண்டுவந்த ரஷ்ய நூல்களோடு பழகியவர்களுக்கு விளதீமிர் கொரலேன்கோ தெரிந்த பெயர்தான். ‘கண் தெரியாத இசைஞன்’ எழுதியவர். என்னைக் கேட்டால், அவருடைய கதைகளுக்குக் கொஞ்சமும் குறையாத அக்கறையோடு படிக்க வேண்டியவை அவருடைய வழக்குகள். வழக்கு என்றால் அவர்மேல் போட்டவை மட்டும் இல்லை. யாரும் கூப்பிடாமல் அவரே போய்த் தலையைக் கொடுத்தவையும் சேர்த்துத்தான். அந்த வரிசையின் கடைசியில் 1920-இல் எழுதிய ஆறு கடிதங்கள் வருகின்றன. அங்கே அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம்.

பிறந்தது 1853, இன்றைய உக்ரைனில் உள்ள ஜித்தோமிரில். அப்பா நீதிபதி, லஞ்சம் வாங்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் இறந்தபோது குடும்பம் வறுமையில் விழுந்தது. மகன் மாஸ்கோவில் விவசாயக் கல்லூரியில் படிக்கும்போது, மாணவர்களின் கூட்டு மனு ஒன்றில் முன்னின்றதற்காக 1876-இல் வெளியேற்றப்பட்டார். 1879-இல் கைது, அதன்பின் நாடுகடத்தல். 1881-இல் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும், அரசியல் கைதிகள் புதிய ஜாருக்குத் தனித்தனியாக விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். கொரலேன்கோ முடியாது என்று எழுதிக் கொடுத்தார். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். போடாததற்கு விலை, யாகுத்தியாவில் அம்கா என்ற குடியிருப்பில் சுமார் மூன்று ஆண்டுகள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘மக்காரின் கனவு’ அந்த மண்ணில் விளைந்த கதை.

திரும்பி வந்து நீழ்னி நோவ்கரத்தில் குடியேறிய பிறகு அவர் கையில் எடுத்ததுதான் முல்தான் வழக்கு. பாகிஸ்தானில் இருக்கிற முல்தான் இல்லைங்க. வியாத்கா மாகாணத்தில் உத்மூர்த் மக்கள் வாழ்ந்த ஒரு கிராமம். 1892-இல் அதன் அருகே தலையில்லாத ஒரு பிச்சைக்காரரின் உடல் கிடந்தது. ‘இவர்கள் நரபலி கொடுக்கிற கூட்டம்’ என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. ஏழு பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. மறுவிசாரணையிலும் அதே தண்டனை. அந்த 1895 விசாரணையில் போய் உட்கார்ந்து, வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு, சாட்சிகள் சொன்னதை ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை எழுதி எடுத்து அச்சில் போட்டார் கொரலேன்கோ. அதைப் படித்தவர்களுக்கு வழக்கின் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிந்தன. 1896-இல் மூன்றாவது விசாரணை. இந்த முறை அவரே எதிர்த்தரப்பு வாதியாக எழுந்து பேசினார். ஏழு பேரும் விடுதலை.

அவர் செய்தது ஒன்றுதான்: சாட்சி எங்கே, யார் பார்த்தது, யார் விசாரித்தது என்று கேட்டார். அவருடைய மொத்த அரசியலும் அந்தக் கேள்விக்குள் அடங்கும் என்று எனக்குப் படுகிறது. மற்ற இடங்களில் வைத்துப் பாருங்க, பொருந்துகிறது. 1902-இல் மாக்சிம் கார்க்கி கௌரவ அகாதமி உறுப்பினராகத் தேர்வானது ஜாருக்குப் பிடிக்கவில்லை. தேர்வு ரத்து என்று அகாதமியின் பெயரிலேயே அறிவிப்பு வந்தது. ஓட்டுப் போட்டவன் நான், என்னைக் கேட்காமல் என் பெயரில் எப்படி ரத்து செய்யலாம் என்பதுதான் கொரலேன்கோவின் வாதம். அவரும் செகாவும் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்கள். 1903-இல் கிஷினேவில் யூதர்கள் மேல் நடந்த படுகொலையை நேரில் போய் விசாரித்து, ஒரே ஒரு வீட்டில் நடந்ததை ‘13-ஆம் எண் வீடு’ என்று எழுதினார். தணிக்கை அதை அச்சேற விடவில்லை. 1910-இல் தூக்குத் தண்டனைக்கு எதிராக அவர் எழுதியதைப் படித்துவிட்டு தல்ஸ்தோய் பாராட்டிக் கடிதம் போட்டார். 1913-இல் கீவில் பெய்லிஸ் வழக்கு. மறுபடியும் அதே ரத்தப்பலிக் கதை, இம்முறை யூதர் ஒருவர் மேல். ஜூரிகளை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்று எழுதியதற்காகக் கொரலேன்கோ மேலேயே வழக்குப் போட்டார்கள். பெய்லிஸை அந்த ஜூரியே விடுவித்தது.

இதுவரை கதை சுலபம். ஜார் ஆட்சி கெட்டது, எழுத்தாளர் நல்லவர். ஆனால் ஜார் போன பிறகு?

உள்நாட்டுப் போரில் அவர் வாழ்ந்த பொல்தாவா பல கை மாறியது. ஜெர்மானியர் துணையோடு ஆண்ட ஹெட்மன், பெத்லியூரா படை, போல்ஷெவிக்குகள், தெனீக்கின் படை. யார் வந்தாலும் சிறையில் இருப்பவரின் அம்மாவோ மனைவியோ கொரலேன்கோ வீட்டு வாசலில் நின்றார்கள். இதய நோயாளியான கிழவர், ஒவ்வொரு ஆட்சியின் அலுவலகப் படியும் ஏறினார். தெனீக்கின் படையின் கொள்ளையைக் கண்டித்து எழுதியவர், சேக்கா ஆட்களிடமும் போய் விசாரணை இல்லாமல் சுடாதீர்கள் என்று நின்றார்.

1920 ஜூனில் கல்விக்கான மக்கள் கமிஸார் லுனச்சார்ஸ்கி பொல்தாவா வந்தார். அவரும் எழுத்தாளர், கொரலேன்கோமேல் மரியாதை உள்ளவர். மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த சிலருக்காகக் கொரலேன்கோ அவரிடம் மன்றாடினார். பிறகு லுனச்சார்ஸ்கியிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது: அவர்கள் தாம் வருவதற்கு முன்பே சுடப்பட்டுவிட்டார்கள். முதல் கடிதம் தொடங்குவது இந்தச் சாவுகளிலிருந்துதான். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை ஆறு கடிதங்கள். கட்சி சாராத சோஷலிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் எழுதியவை அவை. பேச்சுரிமையும் நீதிமன்றமும் இல்லாமல், மேலிருந்து உத்தரவு போட்டு சோஷலிசத்தைக் கட்ட முடியாது என்பது அவற்றின் சாரம். கடிதங்களை அச்சிட்டு பதிலும் எழுதுவதாகப் பேச்சு இருந்தது. பதில் வரவே இல்லை.

லெனின் அதற்கு முந்தைய ஆண்டே, கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில், முதலாளித்துவ மனப்பான்மையில் சிக்கிய பாமரர் என்கிற தொனியில் இவரை ஒதுக்கியிருந்தார். ஆனால் புரட்சிக்காரர்கள் எல்லாருமே அப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கொரலேன்கோவின் தன்வரலாற்றை ஜெர்மன் சிறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் ரோசா லக்சம்பர்க். போல்ஷெவிக்குகள் சுதந்திரத்தை நசுக்குவதை விமர்சித்து அவர் தன் குறிப்புகளை எழுதியதும் 1918-இல், அதே சிறைவாசத்தில்தான்.

1921 பஞ்சத்தின்போது நிவாரணக் குழுவுக்குக் கொரலேன்கோவைக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். சில வாரங்களில் அரசு அந்தக் குழுவைக் கலைத்து உறுப்பினர்களைக் கைது செய்தது. டிசம்பர் 25 அன்று அவர் பொல்தாவாவில் இறந்தார். கடிதங்கள் 1922-இல் பாரிஸில் வெளிவந்தன. சோவியத் நாட்டில் 1950-களில் அவருடைய நூல்தொகுப்பு பத்து தொகுதிகளாக வந்தது. இந்த ஆறு கடிதங்களுக்கு மட்டும் அதில் இடம் இல்லை. 1988-இல் ‘நோவி மிர்’ இதழ்தான் அவற்றை வெளியிட்டது.

முல்தான் விவசாயிகளுக்காக எழுதியதை ஜார் காலத்திலேயே அச்சிட முடிந்தது. அதே கேள்வியை 1920-இல் கேட்டதற்கு, சொந்த நாட்டில் அச்சு கிடைக்க அறுபத்தெட்டு ஆண்டு. இதற்காக ஜார் ஆட்சி மேல் என்று ஆகிவிடாது. யாகுத்தியாவுக்கு அனுப்பியதும் அதுதானே. கேள்வி கேட்டவர் ஆட்சிக்கு ஆட்சி தன் அளவுகோலை மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் அவரை முழுசாகத் தனக்குரியவர் என்று எந்தத் தரப்பாலும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.