இறந்தோரின் இல்லம்: எத்ருஸ்கரின் ஈமக்கலையும் குடும்ப அமைப்பும்

இத்தாலியில் ஆர்னோ, டைபர் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் நகரங்கள் அமைத்து வாழ்ந்த எத்ருஸ்கரின் வரலாற்று நூல்கள் எவையும் இன்று எஞ்சவில்லை. கிடைத்துள்ள கல்வெட்டுகளிலும் பெரும்பாலானவை பெயரையும் உறவுமுறையையும் மட்டுமே கூறும் ஈமப் பொறிப்புகளாக இருப்பதால், அவர்தம் சமூகத்தை அறியக் கல்லறைகளே முதன்மைச் சான்றுகளாகின்றன. அவற்றைக் காலவரிசையில் வைத்து நோக்கின், இறந்தவருக்கு ஒரு வீடு அமைத்துத் தருவதும், அவ்வீட்டில் பெண்ணுக்குரிய இடத்தை வெளிப்படையாகக் காட்டுவதும் நூற்றாண்டுகள் கடந்து தொடர்ந்தமை புலப்படும்.

கி.மு. 9, 8ஆம் நூற்றாண்டுகளில் எரியூட்டப்பட்டோரின் சாம்பல் தாழிகளில் இடப்பட்டது. அத்தாழிகளுள் சில கூரையும் கதவும் கொண்ட சிறு குடிசைகளாகவே வனையப்பட்டன. உலோக வளமும் கிரேக்க, பினீசிய வணிகமும் செல்வர் குடிகளை உருவாக்கிய 7ஆம் நூற்றாண்டில், செர்வெத்தேரி நகரத்தார் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து அறைகள் அமைத்து, மேலே வட்ட மண்மேடுகளை எழுப்பினர். அங்கு 1836இல் திறக்கப்பட்ட ரெகோலினி-கலாசி கல்லறையில் பெரும் பொன்னணிகளுடன் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் ஒரு பெண். பிற்பட்ட அறைகளில் உத்திரங்கள், சன்னல்கள், நாற்காலிகள் யாவும் பாறையிலேயே செதுக்கப்பட்டன. ஆணின் கற்படுக்கைக்குக் கட்டிற்கால்கள் காட்டப்பட, பெண்ணின் படுக்கை முனை கூரை முகப்பைப் போல முக்கோணமாக அமைந்தது. வாயிலிலும் ஆணுக்குத் தூண் வடிவக் கல்லும் பெண்ணுக்கு வீட்டு வடிவக் கல்லும் நடப்பட்டன.

இவ்வீட்டுக் கருத்தின் முழுமையை, அதே செர்வெத்தேரியில் மதுனா குடும்பத்தார் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அமைத்த புடைப்புச் சிற்பக் கல்லறையில் காணலாம். அதன் தூண்களிலும் சுவர்களிலும் கத்திகள், அகப்பை, கயிற்றுச் சுருள், கோடரி, கிண்ணம் முதலியன ஆணியில் மாட்டியவை போலவே சுதையால் வடித்து வண்ணம் தீட்டப்பட்டுள்ளன. நடுப் படுக்கையில் தலையணைகளும் அருகே ஒரு சோடிக் காலணியும் உள்ளன. போர்க் கருவிகளுக்குத் தந்த அதே கவனத்தை அடுக்களைப் பொருள்களுக்கும் தந்த இக்கைவினை, அக்குடும்பம் எதைத் தன் பெருமையாகக் கருதியது என்பதை எந்தப் பட்டயத்தையும்விடத் தெளிவாக உரைக்கிறது.

இவ்வீட்டில் பெண்ணுக்குரிய இடத்தைக் காட்டும் சிறந்த சான்று இதற்கும் முற்பட்டது. ஏறத்தாழ கி.மு. 520இல் சுடுமண்ணால் செய்யப்பட்டு, இன்று ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ள தம்பதியர் ஈமப்பேழையின் மூடியில், கணவனும் மனைவியும் ஒரே மஞ்சத்தில் ஒத்த உயரத்தினராகச் சாய்ந்திருக்க, அவன் கை அவள் தோளைத் தழுவுகிறது. விருந்து மஞ்சத்தில் சாயும் வழக்கம் கிழக்கிலிருந்து கிரேக்கர் வழியாக வந்ததே. ஆயினும் கிரேக்கரின் மது விருந்தில் மனைவியர்க்கு இடமில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபோம்பஸ், எத்ருஸ்கப் பெண்கள் ஆடவரோடு விருந்துண்பதைப் பழித்து எழுதியது இவ்வேறுபாட்டால்தான். அப்பழிப்புரையை நம்பி அப்பெண்களை மதிப்பிடுவது பெருந்தவறு. கல்லறைகள் அவர்களைக் குடும்பத்தின் தலைவியராகவே காட்டுகின்றன.

தர்குவீனியா நகரின் ஏறத்தாழ 6,000 கல்லறைகளுள் ஓவியம் தீட்டப்பட்டவை சுமார் 200. சிறுத்தைக் கல்லறை போன்ற 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் விருந்தும் இசையும் நிறைந்திருக்க, 4ஆம் நூற்றாண்டு முதல் சுத்தியல் ஏந்திய கருன், சிறகுடைய வந்த் ஆகிய மறுவுலகத்தார் தோன்றுகின்றனர். கி.மு. 396இல் வெயீ நகரை வீழ்த்திய ரோமின் அச்சுறுத்தலே இம்மாற்றத்திற்குக் காரணம் என்று கூறுவது போதாது. வந்த் ஏந்துவது வழிகாட்டும் தீப்பந்தம். மேலும் இக்காலத்து ஆர்கஸ் கல்லறையிலும் விருந்துக் காட்சி மறையவில்லை.

கி.மு. 90ஐ ஒட்டி எத்ருஸ்கர் ரோமக் குடியுரிமை பெற்றபின் அவர்தம் மொழி ஈமப் பொறிப்புகளிலிருந்தும் மறையத் தொடங்கியது. பெரூஜாவின் வொலும்னி கல்லறையில், கதவுடைய சிறு கட்டட வடிவில் அமைந்த பளிங்குப் பேழையொன்று இலத்தீனிலும் எத்ருஸ்க மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. ரோமர் வழக்கப்படி தந்தை பெயரோடு நிறுத்தாமல், அதன் இலத்தீன் வாசகம் பப்லியஸ் வொலும்னியஸைக் கஃபாத்தியா என்னும் தாய்க்குப் பிறந்தவன் என்றும் குறிக்கிறது.