வரிசை சொன்னால் போதுமா?

பள்ளியை முடி, வேலையில் சேர், பிறகு கல்யாணம், அதற்குப் பிறகே குழந்தை. இந்த வரிசையில் போனால் வறுமை அண்டாது என்பதை அரசுப் பள்ளியிலேயே பாடமாக நடத்த வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் வலுத்திருக்கிறது. புதுச்சேரியில் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் தட்டாஞ்சாவடிப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைத்தால் என்ன என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனால் புதுச்சேரியின் பழைய கதையைப் பார்த்தால், வரிசையைத் தாங்கி நிற்பது நடுவிலுள்ள வேலை என்ற படிதான்.

இந்த ஊரின் மில் குடும்பங்களுக்கு நிலையான வாழ்வு அறிவுரையால் வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. வேலை நேரத்துக்கு வரம்பும் மாதச் சம்பளமும் இருந்தால்தான் மகளின் படிப்பையும் கல்யாணத்தையும் ஒரு தகப்பன் முன்கூட்டித் திட்டமிட முடியும். ரோடியர் மில் என்று ஊர் அழைத்த ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டபோது, வரிசை தவறாமல் வாழ்ந்தவர்களும் வேலை இழந்தார்கள்.

படிப்பையும் கல்யாணத்தையும் முடிச்சுப் போட்டுத் தமிழ்நாடு ஜெயிக்கவில்லையா என்பது நியாயமான மறுப்பு. 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் தந்தது. 2011இல் பட்டதாரிக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் என்று உயர்ந்தது. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதே என்று வீட்டுக்குச் சொல்ல அரசு கையாண்ட வழி அது. ஆனால் அங்கே பேசியது பாடம் அல்ல, பணம். பணமும் படிப்புக்காக அல்ல, கல்யாணத்துக்காகத்தான் கைக்கு வந்தது. 2022இல் அந்தத் திட்டமே புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. தாலித் தங்கம் போனதே என்ற ஏழைப் பெற்றோரின் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. என்றாலும் படிக்கும்போதே கிடைக்கும் உதவிதான் அவளை வேலைவரை கொண்டுபோகும்.

அப்படியானால் பள்ளிக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எங்கே இருக்கிறது, கந்துவட்டி எப்படிக் குட்டி போடுகிறது, 1936இல் எதற்காகச் சுட்டார்கள் என்பதையெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே கற்றுத் தரட்டும். இவற்றை விட்டுவிட்டு வரிசையை மட்டும் ஒப்பிக்க வைத்தால், வேலை கிடைக்காத பிள்ளை தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்ளும். அந்தப் பழியைப் பிள்ளைமேல் போடும் உரிமை பள்ளிக்கு இல்லை.