ஆளோலையும் மரக்கப்பலும்



பெரியபுராணத்திலே, சுந்தரருடைய மணப்பந்தருக்கு வந்த முதிய வேதியர், "இவன் என் அடிமை" என்று ஓர் ஓலையைக் காட்டி வழக்காடுகிறார். அது ஆளோலை. இறைவன் காட்டிய ஓலையாதலால் கேட்டு உருகுகிறோம். மனிதர் மனிதருக்கு எழுதிய ஓலைகளை மறந்துவிடுகிறோம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்னும் துறைமுக நகர் உண்டு. வில்லியம் வில்பர்போஸ் 1759இல் பிறந்த செங்கல் வீடு அங்கே இருக்கிறது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடி, 1807இல் அதனைத் தடைசெய்வித்தவர் அவர். அவ்வீடு 1906இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

அங்குள்ளவற்றுள் ஒன்று சிறிய மரக்கப்பல். 'புறூக்ஸ்' என்னும் அடிமைக் கப்பலின் மாதிரி. 1788ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அக்கப்பலில் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முந்திய பயணமொன்றில் 609 பேரை அடைத்திருந்தார்கள். இம்மாதிரியை வில்பர்போஸ் கொமன்ஸ் சபையிலே காட்டினார். கணக்கேட்டில் எண்களாயிருந்தவர்கள் அங்கே மனித உடல்களாயினர்.

அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டமூலம் நிறைவேறுவது 1833 யூலை 26இல் உறுதியாயிற்று. மூன்றே நாளில் வில்பர்போஸ் காலமானார். எசமானர்களுக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு கிடைத்தது. அடிமைப்பட்டோருக்கோ ஒன்றுமில்லை.

அச்சட்டத்தில் விலக்கொன்றும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் பிரதேசங்களோடு இலங்கையும் அதனுள் அடங்கவில்லை!

நம்மிடையே அடிமைகள் இருந்தனரா எனச் சிலர் வியக்கலாம். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகள் உள்ளன. பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் தூண்டுதலால், 1816 ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என எசமானர் பலர் ஒப்பினர். 1818இல் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதிவுசெய்ய விதி வந்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இம்முறைக்கு முடிவு கட்டியது.

முடிவு ஏட்டில் வந்தது. வாழ்வில் வந்ததா? தீண்டாமைக்கெதிராக 1957இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1968இலும் மாவிட்டபுரம் கோயில் வாசலில் வழிபடும் உரிமைக்காக மக்கள் நிற்க நேர்ந்தது.

வகுப்பில் 'அடிமை' என்றதும் மாணவர் ஆபிரிக்காவையே நினைக்கின்றனர். தவறு அவர்களதன்று, நாம் சொல்லிக்கொடுத்தது அவ்வளவே. ஹல் நகரத்தார் தம் நாட்டுக் கப்பலைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, தம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். நாமும் நம் ஆளோலைகளை விரித்துக் காட்ட வேண்டும்.