பறவை மருத்துவம்: வளைகுடா நாடுகள்

ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு நாடுகளிலும் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் தொழில் இரண்டு கிளைகளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று வேட்டை வல்லூறுக்கானது. ஒரு பறவை, ஒரு உரிமையாளர், ஒரு மருத்துவர் என்று நடப்பது. மற்றது கோழிக்கானது, ஒரு கொட்டகையில் அடைந்திருக்கும் பல ஆயிரம் பறவைகளையும் சேர்த்து ஒரே நோயாளியாகப் பார்ப்பது. வல்லூறு மருத்துவத்துக்கு நூல்கள் உண்டு, பெயர்பெற்ற மருத்துவமனைகள் உண்டு, ஊரறிந்த தலைவர்கள் உண்டு. அன்றாடம் தட்டுக்கு வரும் முட்டையையும் கறியையும் காப்பது கோழி மருத்துவம். அதைச் செய்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

வேட்டைப் பறவை வைத்தியம் அரபு மொழியில் 8ஆம் நூற்றாண்டிலேயே ஏடேறிவிட்டது. அல்-கித்ரீஃப் இப்னு குதாமா அல்-கஸ்ஸானி பெயரில் வழங்கும் நூல், பறவையைப் பழக்கும் முறையோடு அதன் நோய்களையும் மருந்துகளையும் விரிவாகச் சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் ஃபாத்திமிய அவையிலும் இப்படியொரு நூல் எழுதப்பட்டது. சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், தம் அவையிலிருந்த அந்தியோக்கியா தியோடரைக் கொண்டு ஓர் அரபு நூலை இலத்தீனில் பெயர்க்கச் செய்தார். 1240-41இல் ஃபாயென்சா நகரை முற்றுகையிட்டிருந்தபோது அந்த மொழிபெயர்ப்பைப் பேரரசரே திருத்தினார் என்று குறிப்பு இருக்கிறது. அந்நூலின் ஆசிரியராக அறியப்படும் ‘மோவாமின்’ யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாக்தாதின் புகழ்பெற்ற மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்தான் என்பது ஒரு தரப்பு. அல்-கித்ரீஃபின் நூலையும் வேறொன்றையும் சேர்த்துத் தொகுத்ததே அது என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அதன்பின் வந்த பல நூற்றாண்டுகள் வாய்மொழியிலேயே கழிந்தன. பறவை பழக்குபவரான ஸக்கார், விடிந்ததும் வல்லூறின் எச்சத்தைத்தான் முதலில் பார்ப்பார். அது கக்கிய இறகு உருண்டையைப் பிட்டு ஈரத்தையும் வாடையையும் சோதிப்பார். நோய் முற்றினால் நம் ஊரில் மாட்டுக்குப் போட்டதுபோல் சூடு போடுவார். பின்னாளில் வந்த மருத்துவர்கள் சூட்டுக்கோலை ஒதுக்கிவிட்டார்கள். எச்சத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் நுண்ணோக்கியோடு சேர்ந்து ஆய்வகத்துக்குள் போய்விட்டது.

1976ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் சாயித் பின் சுல்தான் அல் நஹ்யான் வல்லூறு வேட்டை பற்றித் தாமே ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் அபுதாபியில் பன்னாட்டு மாநாடு ஒன்றும் கூடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் ஜான் கூப்பர், வளர்ப்பு இரைகொல்லிப் பறவைகளின் மருத்துவம் குறித்து நூல் எழுதினார். எண்ணெய்ப் பணம் வந்தபின் வேட்டைக்காரர்களிடம் விலையுயர்ந்த பறவைகள் சேர்ந்திருந்தன. கோழிக்கும் மாட்டுக்கும் படித்த மருத்துவர்களுக்கு அந்தப் பறவைகளைக் கையில் பிடிக்கவே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

1983இல் ஷேக் ஹம்தான் பின் ராஷித் அல் மக்தூமின் ஆதரவில் துபாய் வல்லூறு மருத்துவமனை தொடங்கியது. அதைக் கட்டி வளர்த்தவர் அமெரிக்க மருத்துவர் டேவிட் ரெம்பிள். அவருக்கு முன் நின்ற பெரிய சவால் பாதப் புண். வேட்டையில்லாத கோடை மாதங்களில் வல்லூறு ‘வக்ர்’ என்னும் தாங்குகட்டையில் நாள் முழுக்க நிற்கும். உடல் எடை கூடும், அடிப்பாதத்தின் தோல் நசுங்கும், தன் நகமே குத்தி உள்ளே கிருமி புகும். வீங்கிய பாதத்தால் இரையைப் பற்ற முடியாது. பற்ற முடியாத வல்லூறு வேட்டைக்கு உதவாது. ரெம்பிளும் அவரோடு எழுதியவர்களும் நோயை நிலைவாரியாகப் பிரித்து, அறுவைக்குப் பின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் கட்டுகளையும், நுண்ணுயிர்க்கொல்லி கலந்த எலும்புச் சிமெண்டு மணிகளைப் புண்ணுக்குள் பதிக்கும் முறையையும் பதிவு செய்தார்கள். 1993இல் கிறிஸ்தியன் கிராஸுடன் சேர்ந்து ரெம்பிள் எழுதிய நூல், வளைகுடாவின் இரைகொல்லிப் பறவைகளைப் பொதுவாசகருக்கும் அறிமுகப்படுத்தியது.

1980களின் நடுவிலிருந்து வந்த பதினைந்து ஆண்டுகள்தான் இத்துறையில் மிக நிறைவாக ஆவணப்பட்ட காலம். துபாயின் மத்திய கால்நடை ஆய்வகத்தில் ஜெர்மனியரான உல்ரிச் வெர்னரி ஒட்டகம் முதல் வல்லூறுவரை எல்லா உயிர்களின் நோய்களையும் ஆராய்ந்தார். சவுதியின் தாயிஃபில் 1986இல் தொடங்கிய வனவிலங்கு ஆய்வு மையமும், அபுதாபியின் ஸ்வைஹானில் 1989இல் உருவான தேசியப் பறவை ஆய்வு மையமும் வல்லூறின் இரையான ஹுபாரா என்னும் கானமயிலினப் பறவையைப் பெருக்கத் தலைப்பட்டன. வேட்டையாடும் பறவைக்கும் வேட்டையாடப்படும் பறவைக்கும் ஒரே காலத்தில் மருத்துவம் வளர்ந்த இடம் உலகில் வேறொன்றைச் சொல்வது கடினம். பஹ்ரைன், ரியாத், அபுதாபி ஆகிய மூன்று இடங்களிலும் பணியாற்றிய ஹைமே சமூர் 2000இல் தொகுத்து வெளியிட்ட ‘ஏவியன் மெடிசின்’ பறவை மருத்துவர்களின் மேசைகளில் நிலைத்த நூல். 1995 நவம்பரில் வல்லூறு ஆய்வாளர்களும் மருத்துவர்களும் அபுதாபியில் ஒரு பயிலரங்கில் கூடித் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டார்கள். அதுவரை தனித்தனிக் கொட்டில்களில் கிடந்த அனுபவம் அங்கேதான் ஒரு துறையாகச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

1999 அக்டோபர் 3 அன்று அபுதாபி வல்லூறு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2001 முதல் அதை நடத்திவருபவர் ஜெர்மனியிலிருந்து வந்த மார்கிட் முல்லர். வல்லூறு வேட்டை அன்று ஆண்களின் உலகம். அயல்நாட்டுப் பெண்ணொருவர் தங்கள் பறவையைத் தொடுவதை ஏற்க ஆரம்பத்தில் பலரும் தயங்கினார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பறவைகள் குணமாகித் திரும்பியதும்தான் தயக்கம் கலைந்தது. இன்று ஆண்டுக்கு 11,000 வல்லூறுகளுக்கு மேல் வருவதாக மருத்துவமனை கூறுகிறது. உலகிலேயே பெரியது இதுதான் என்பது அதன் உரிமைகோரல். ‘முதல்’ என்ற பட்டத்தைப் பொறுத்தவரை துபாய்க்கு வயது அதிகம்; பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்த மருத்துவமனை என்ற கணக்கில் அபுதாபியை முன்வைப்பவர்களும் உண்டு.

அங்கே காத்திருப்பறை பார்க்கத் தகுந்தது. செயற்கைப் புல் போர்த்திய நீண்ட தாங்குகட்டைகளில், கண்ணை மறைக்கும் ‘புர்க்கா’ என்ற தோல்குல்லாய் அணிந்த வல்லூறுகள் வரிசையாக அமர்ந்திருக்கும். முறை வந்ததும் பறவையை மெல்லப் பிடித்து, அலகின்மேல் மயக்கவாயு முகமூடியைப் பொருத்துவார்கள். ஐசோஃப்ளூரேன் சில விநாடிகளில் வேலை செய்யும். பிறகு நகத்தைச் சீவி, அலகைச் சிறு அரவைக் கருவியால் திருத்தி, தேவையானால் விலாவில் ஒரு துளையிட்டு உள்நோக்குக் கருவியைச் செலுத்தி காற்றுப்பைகளைப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட அழகான வேலை இறகு ஒட்டுதல். வல்லூறுக்குச் சிறகொன்றுக்கு 10 முதன்மைப் பறப்பிறகுகள், வாலில் 12 இறகுகள். ஒன்று முறிந்தாலும் பாய்ச்சல் பிசகும். அதனால் உதிர்ந்த இறகுகளை வீணாக்காமல் இனம், அளவு, நிறம் பார்த்துப் பிரித்து இழுப்பறைகளில் சேமித்திருப்பார்கள். முறிந்ததற்கு இணையான இறகைத் தேடியெடுத்து, அதன் தண்டில் மூங்கில் சீவலையோ கார்பன் இழையையோ செருகி, பறவையின் எஞ்சிய தண்டோடு பசைவைத்துப் பொருத்துவார்கள். பட்டைகளின் கோடுகூட ஒத்துப்போகும்வரை இழுப்பறையைத் துழாவுவார்கள். அடுத்த உதிர்காலம்வரை அந்த இரவல் இறகோடு வல்லூறு பறக்கும். அரபு மருத்துவ ஏடுகள் பேசிய இந்தக் கலை, மாறியது பசையும் செருகுபொருளும் மட்டும்தான் என்னும்படி, இன்றும் அப்படியே இருக்கிறது.

உள்நோக்குக் கருவியில் தேடுவது பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லோசிஸ் என்னும் பூஞ்சை நோயை. துருவப்பகுதியைச் சேர்ந்த ஜிர் வல்லூறும் அதன் கலப்பினங்களும் வளைகுடாவுக்கு வரத்தொடங்கியபின் இந்நோய் பெரிதாகத் தலைகாட்டியது. வெப்பமும் பயண அயர்வும் தூசியும் சேர்ந்து நோயைத் தூண்டுகின்றன. எதன் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. வோரிகோனசோல் மருந்தால் வல்லூறுகளைக் குணப்படுத்திய அனுபவத்தை துபாய் மருத்துவமனையின் அந்தோனியோ டி சோம்மா, டாம் பெய்லி, கிறிஸ்துதாஸ் சில்வனோஸ் முதலியோர் 2007இல் வெளியிட்டார்கள்.

வல்லூறு மருத்துவம் காட்டுப் பறவைக்கும் உதவியது. 1995இல் தொடங்கிய ஷேக் சாயித் வல்லூறு விடுவிப்புத் திட்டத்தில், காட்டில் பிடிபட்ட பறவைகள் பரிசோதனைக்குப் பின் பாகிஸ்தான், கஜகஸ்தான் போன்ற நாடுகளில் விடுவிக்கப்படுகின்றன. 2002 முதல் அமீரகத்தில் வல்லூறுக்கும் கடவுச்சீட்டு உண்டு. தோலடியில் பதித்த சில்லின் எண் அதிலிருக்கும். விமான நிலையத்தில் அது காட்டப்பட வேண்டும். 2008இல் தோஹாவின் சூக் வாகிஃப் சந்தையிலும் ஒரு வல்லூறு மருத்துவமனை எழுந்தது. வல்லூறு வேட்டை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டு கிளைகளும் சந்திக்கும் இடம் வல்லூறின் இரைத்தட்டு. வல்லூறு தின்பது புறா, காடை, கோழி. ஆகவே கோழியின் நோய் இரையோடு அதற்கும் வந்துவிடும். நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோய் வல்லூறுகளைத் தாக்கியதை வெர்னரி, ரெம்பிள் முதலியோர் 1992இல் எழுதினார்கள். அந்நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவாகி, விரைவிலேயே குமாவூன் மலையின் ராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் அது இருந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. ஒரு பெரிக்ரின் வல்லூறிடமிருந்து எச்7என்3 பறவைக் காய்ச்சல் வைரஸைப் பிரித்தெடுத்ததை வெர்னரியும் பிற ஆய்வாளர்களும் 2000இல் அறிவித்தனர்.

கோழி வளர்ப்பு வளைகுடாவில் தொழிலாக எழுந்தது 1970களில். எண்ணெய் வருவாயிலிருந்து அரசுகள் மானியமும் கடனும் கொடுத்தன; சவுதியின் கஸீம், ஹாயில் பகுதிகளில் பெரும் பண்ணைகள் வந்தன. பால் நிறுவனமான அல்மராய் 2009இல் ஹாயில் வேளாண் நிறுவனத்தை வாங்கிக் கோழித் தொழிலில் இறங்கியது. ஓமனில் தோஃபாரின் தும்ரைத் பாலைவனத்தில் அஸ்ஸஃபா பண்ணை அமைந்தது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல்வெப்பமே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெளியே 45 டிகிரியைத் தாண்டினால் மூச்சிரைத்து வெப்பத்தைத் தள்ளுவதைத் தவிர அதற்கு வழியில்லை. எனவே இங்கே கோழி மருத்துவரின் நாள் மருந்துப்பெட்டியோடு தொடங்குவதில்லை. கொட்டகையைக் குளிர்விக்கும் ஈரப்பட்டைகளில் தண்ணீர் ஓடுகிறதா, விசிறிகள் சுற்றுகின்றனவா, தண்ணீர்க் குழாயின் சூடு எவ்வளவு, நேற்று எத்தனை செத்தது, தீவனம் எத்தனை கிலோ இறங்கியது என்ற கணக்கோடுதான் தொடங்குகிறது. கடற்கரைப் பண்ணைகளில் காற்றின் ஈரப்பதமே ஈரப்பட்டையின் பயனைத் தின்றுவிடும். செத்த கோழியை அறுத்துப் பார்ப்பது, ராணிக்கெட், கம்போரோ, ஐபி ஆகிய கோழி நோய்களுக்கான தடுப்பூசிகளின் அட்டவணையை வகுப்பது, கறிக்கு அனுப்புமுன் மருந்து நிறுத்தும் நாட்களைக் கண்காணிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு தவறான முடிவு ஒரே இரவில் ஒரு கொட்டகையையே காலிசெய்துவிடும். நெஞ்சுரம் வேண்டிய வேலை இது.

இந்த வேலையைப் பெரும்பாலும் எகிப்து, சூடான், சிரியா, பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த மருத்துவர்களே செய்துவந்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு இதில் இயல்பான ஒரு வழி உண்டு. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் 1985இல் வந்த கல்லூரியும் 1989 முதல் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. படிக்கும்போதே பண்ணை வாசலில் நிற்கும் வாய்ப்பு நாமக்கல் மாணவருக்கு உண்டு. அங்கிருந்து முட்டை கப்பலேறும் ஓமன், கத்தார், அமீரகம் ஆகிய நாடுகளுக்கு மருத்துவரும் போகிறார். உரிய அமைச்சகத்தின் உரிமம் பெற்றுப் பண்ணை மருத்துவராகச் சேர்ந்து, குஞ்சுப் பொரிப்பகம், தீவன ஆலை, ஆய்வகம் என்று சுற்றி, சுகாதார மேலாளராகவோ தடுப்பூசி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆலோசகராகவோ உயர்வது இத்தொழிலின் வழக்கமான படிக்கட்டு. கேரளத்தவர், நேபாளியர், வங்கதேசத்தவர் என்று கலந்த கொட்டகைப் பணியாளர்களோடு கைச்சைகையும் அரைகுறை இந்தியும் அரபும் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவரே அங்கு நிலைப்பார். நோய்த்தடுப்பு என்பது பணியாளர் ஒவ்வொருவரும் கொட்டகை மாறும்போது காலணி மாற்றுவதில் இருக்கிறது. அதை அவர்கள் மனமொப்பிச் செய்யவைப்பதுதான் கோழி மருத்துவத்தில் தலைமை.

அந்தத் தலைமை சோதிக்கப்பட்டது பறவைக் காய்ச்சலின்போது. 2005 நவம்பரில் குவைத்தில் ஒரு பூநாரையில் எச்5என்1 கண்டறியப்பட்டது. வளைகுடாவில் அதுவே முதல் அறிவிப்பு. 2007இல் சவுதியின் அல்-கர்ஜ் வட்டாரப் பண்ணைகளில் நோய் பரவி லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. 2017 டிசம்பரில் ரியாதின் அல்-அஸீஸியா பறவைச் சந்தையில் எச்5என்8 தென்பட்டது. சந்தையில் அலங்காரப் பறவையும் வாத்தும் கோழியும் ஒரே கூரையின்கீழ் விற்கப்படுவதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டித்துவந்தனர்.

அண்மைக்காலத்தில் உள்நாட்டு மருத்துவர்களை உருவாக்கும் முயற்சி வலுத்துள்ளது. சவுதியின் அல்-அஹ்ஸாவிலுள்ள கிங் ஃபைசல் பல்கலைக்கழகம் 1970களிலிருந்தே கால்நடை மருத்துவம் கற்பிக்கிறது. அல் ஐனின் அமீரகப் பல்கலைக்கழகமும் பின்னர் அத்துறையில் இறங்கியது. மறுபுறம், அபுதாபி வல்லூறு மருத்துவமனைக்கு வெளிநாட்டு மாணவர்களும் பயிற்சிக்கு வருகிறார்கள்.