லண்டூர்: இடப்பெயர்களில் படிந்த மலை வரலாறு

டேராடூன் பள்ளத்தாக்கின் வடக்கே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்தது முசோரி. அதன் கிழக்கு முனையில் இன்னும் உயர்ந்து செல்லும் முகட்டின்மேல் லண்டூர் என்னும் சிற்றூர் உள்ளது. தெற்கே டூன் சமவெளி. வடக்கே மலையடுக்குகளுக்கு அப்பால் பந்தர்பூஞ்ச், சுவர்க்காரோகிணி ஆகிய பனிச்சிகரங்கள். இவ்வூரின் வரலாற்றை அதன் கட்டடங்களைவிட இடப்பெயர்களே தெளிவாகச் சொல்கின்றன.

'மன்சூர்' என்னும் புதர்ச்செடியின் பெயரே முசோரி ஆயிற்று என்பர். அது மண்ணில் பிறந்த பெயர். லண்டூர் என்பதோ வேல்சு நாட்டின் லான்டவ்ரோர் என்ற சிற்றூரின் பெயர் திரிந்தது என்பது பரவலான விளக்கம். கோர்க்கர் போரின் விளைவாக 1815இல் டூன் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. 1820களில் நோயுற்ற ஆங்கிலேயப் படைவீரர் உடல்நலம் தேறுவதற்கென லண்டூரில் படைக்குடியிருப்பு உருவாயிற்று. அங்கு முதலில் எழுந்த வீடுகளுள் ஒன்றைக் கட்டிய பிரெடரிக் யங் அயர்லாந்துக்காரர். வீட்டின் பெயர் முல்லிங்கர், அதுவும் ஓர் அயர்லாந்து ஊர். தாயகத்தை நினைந்தோர் இட்ட இப்பெயர்களின் அருகிலேயே லால் டிப்பா (செம்மேடு), சார் துக்கான் (நான்கு கடைகள்) என்னும் இந்திப் பெயர்களும் வழங்குகின்றன. முதல்வகை பிரிவைச் சொல்கிறது. இரண்டாம்வகை கண்ணால் கண்டதைச் சொல்கிறது.

மூன்றாம்வகைப் பெயருக்குச் சான்று முசோரியின் மேற்கே உள்ள ஹாதிபாவ், அதாவது யானைக்கால். தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830களில் இங்கு இல்லமும் அலுவலகமும் கொண்டிருந்தார். 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவைப் பணியின் தொடர்ச்சியாக, குமரிமுனையிலிருந்து முசோரிக்கு அருகிலுள்ள பானோக் குன்றுவரை நீண்ட பெருவில் 1841இல் நிறைவுற்றது.

எவரெஸ்ட் ஓய்வு பெற்றபின், அவருக்கு அடுத்து அப்பதவி வகித்த ஆண்ட்ரூ வா, 15ஆம் எண் சிகரத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 1856இல் முன்மொழிந்தார். உள்ளூர்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர் கூறிய காரணம். ஆனால் 1730களில் பாரிசில் உருவான திபெத்து வரைபடத்திலேயே சோமோலுங்மா என்னும் பெயர் இடம்பெற்றிருந்தது. எவரெஸ்டே இம்முன்மொழிவுக்குத் தடை கூறினார்: தம் பெயரை இந்தியில் எழுதவியலாது, இந்தியரால் ஒலிக்கவும் இயலாது என்றார். எனினும் 1865இல் அப்பெயர் நிலைபெற்றது. அவர் குடும்பத்தார் அதனை 'ஈவ்ரெஸ்ட்' என ஒலித்தனர்; உலகம் 'எவரெஸ்ட்' என்றே ஒலிக்கிறது. அச்சிகரத்தின் உயரக் கணிப்பில் முதன்மைப் பங்காற்றிய ராதாநாத் சிக்தாரின் பெயரோ எச்சிகரத்துக்கும் இடப்படவில்லை.

இன்று ஹாதிபாவுக்குச் செல்லும் பயணிகள் பலர் அவ்விடத்தை 'ஜார்ஜ் எவரெஸ்ட்' என்றே குறிப்பிடுகின்றனர். அன்று அரசாணையும் வரைபடமும் செய்ததை இன்று சுற்றுலா செய்கிறது: யானைக்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அளவையாளர் பெயர் முன்னே வருகிறது. ஆகவே, இடப்பெயர் ஆய்வு சொற்பிறப்போடு நின்றுவிடலாகாது. பெயரை இட்டவர் யார், அதனால் வழக்கிழந்த பெயர் எது என்னும் வினாக்களையும் அது எழுப்பவேண்டும். மலைமக்களின் வாய்வழக்கில் எஞ்சியுள்ள பெயர்களைத் தொகுப்பது, அவற்றை வழங்குவோர் இருக்கும்போதே செய்யவேண்டிய பணி.